64ஆம் ஆண்டுச் சூறாவளி எங்கள் தலைக்கு மேலால்தான் போனது

மாரி தொடங்கினால் எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் வானிலைப் படங்கள் வந்து குவியும். சிவப்பும் ஊதாவுமாக ஒரு வட்டம், கீழே "முல்லைத்தீவை நோக்கி" என்று ஒரு வரி. அது எந்த நாள் படம், எந்த நேரத்துப் படம் என்று பார்ப்பவர் குறைவு. அதனால் இந்தத் தவணை பிள்ளைகளுக்கு வானிலைப் படம் வாசிக்கும் பாடத்தை, எங்கள் மண்ணைக் கடந்த சூறாவளிகளை வைத்தே நடத்தினோம். அதை உறவுகளோடும் பகிர்கிறோம். கடைசியில் உங்களிடம் ஒரு உதவியும் கேட்க இருக்கிறது.

முதலில் 1964. அந்தமான் கடற்பக்கம் உருவான அந்தச் சூறாவளி, டிசம்பர் 22இல் வவுனியாவைக் கடந்து, அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன ரயிலோடு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கடலோடு போனார்கள். அதனாலோ என்னவோ, எல்லோரும் அதைத் தனுஷ்கோடிப் புயல் என்றே எழுதி வைத்துவிட்டார்கள். பிள்ளைகளிடம் வெற்றுப் படத்தைக் கொடுத்து, கிழக்குக் கரையிலிருந்து வவுனியா வழியாகத் தனுஷ்கோடிக்குக் கோடு இழுக்கச் சொன்னோம். இழுத்த பிறகுதான், அது தங்கள் ஊர்ப்பக்கத்தால் போன பாதை என்று அவர்களுக்குப் பிடிபட்டது.

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவியும் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறி, வன்னியைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குப் போனது. கிட்டத்தட்ட அதே வழி. இம்முறை நாட்கணக்கில் முன்கூட்டியே தெரிந்திருந்தது. கரையோர மக்கள் நேரத்தோடு இடம் மாறினார்கள்.

ஆனால் கோட்டை மட்டும் பார்த்தால் போதாது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் கரையேறியது எங்கேயோ மாமல்லபுரத்தில். படத்தில் அதன் வட்டம் எங்களை விட்டு விலகியே நின்றது. இருந்தும் அந்த நாட்களில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் குளிரில் விறைத்துச் செத்தன. ஏன்? எங்கள் அரைக்கோளத்தில் தாழமுக்கத்தைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக ஓடும். மையம் எங்களுக்கு வடகிழக்கே இருந்தபோது, வடக்கிலிருந்து குளிர்ந்த காற்று எங்கள் மேல் இறங்கியது. அதோடு வந்த தூசியால் நாடு முழுக்கப் பாடசாலைகள் ஒரு நாள் மூடப்பட்டது பலருக்கு ஞாபகம் இருக்கும். பெரும்போகக் காலம் என்பதால் வயற்பக்கம் விடமுடியாத மாடுகள் வெட்டையில் மழையோடு நின்றன. வட்டத்தைப் பார்த்தவன் நிம்மதியாகப் படுத்திருப்பான். அம்புக்குறிகளைப் பார்த்தவன் பட்டிக்கு ஒரு மறைப்பாவது கட்டியிருப்பான்.

2018 டிசம்பர் 21, 22ஆம் திகதிகளில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு கிளிநொச்சி வெள்ளத்தில் நின்றபோது, பெயர் வைத்த புயலே படத்தில் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா கிழக்கால் ஏறி வடக்கால் வெளியேறியது. நாயாற்றுப் பாலத்தை அது உடைத்தது உண்மை, ஆனால் நாடு முழுவதும் போன 600க்கும் மேற்பட்ட உயிர்களில் மிகப் பல மலையகத்து மண்சரிவில் போனவை.

படத்தில் முதலில் பார்க்க வேண்டியது ஓரத்தில் உள்ள நேரம். சர்வதேச நேரத்தோடு ஐந்தரை மணித்தியாலம் கூட்டினால் எங்கள் நேரம். பிறகு சம அமுக்கக் கோடுகள்: அவை நெருங்கிக் கிடந்தால் காற்றுப் பலம். படமே கையில் இல்லாவிட்டால், காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். தாழமுக்கம் உங்கள் இடது பக்கம். நெதர்லாந்துக்காரர் பைஸ் பலோட் 1857இல் சொன்ன விதி இது. எங்கள் மீனவர்களுக்கு வாடையும் கொண்டலும் சோழகமும் கச்சானும் அதற்கு முன்பே தெரியும் என்பது வேறு கதை.

இனி அந்த உதவி. கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் கப்பல்களின் நாட்குறிப்புகளில் காற்று எப்படித் திரும்பியது என்று பார்த்தே புயல்களின் பாதையைக் கண்டார். 'சைக்கிளோன்' என்ற பெயரும் 1848இல் அவர் வைத்ததுதான். அதையே நாங்கள் 64க்குச் செய்யலாம். மேற்கு நோக்கிப் போன புயல் அது. ஓரிடத்தில் காற்று வாடையிலிருந்து கச்சானாகி, பிறகு சோழகமாகத் திரும்பியிருந்தால், மையம் அந்த இடத்துக்கு வடக்கால் போயிருக்கிறது. வாடை கொண்டலாகி, பிறகு தெற்குக்குத் திரும்பியிருந்தால், மையம் தெற்கால். இடையில் காற்று அப்படியே அடங்கிப் பிறகு எதிர்ப்பக்கத்தால் அடித்திருந்தால், மையம் தலைக்கு மேலால்.

அன்று பத்து வயதாக இருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு வாப்பாவோ மூத்தம்மாவோ, அயலில் ஒரு ஐயாவோ அம்மாவோ இருந்தால் கேளுங்கள்: அன்று எந்த ஊரில் இருந்தீர்கள், கூரை எந்தப் பக்கம் பறந்தது, மரம் எந்தத் திசைக்கு விழுந்தது, இடையில் காற்று ஓய்ந்ததா. ஊரின் பெயரோடு கருத்துப் பகுதியில் எழுதிவிடுங்கள். பிள்ளைகள் பெரிய படம் ஒன்றை வகுப்புச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார்கள். வருகிற ஒவ்வொரு பதிலுக்கும் அதில் ஒரு அம்புக்குறி போடுவார்கள்.