சுருக்கப்படாத தூரம்

1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் பந்தயம் முதன்முறையாக நடந்தபோது ஆண், பெண் இருபாலருக்கும் சேர்ந்தே இடம் கிடைத்தது. ஆனால் பெண்களுக்கு வகுத்த தூரம் குறைவு. சாலைப் பந்தயத்தில் பெண்களைச் சேர்க்கவே 1984 வரை ஆனது. தூரத்தைக் குறைப்பதை நான் சலுகையாகப் பார்ப்பதில்லை. ஓடிப் பார்க்கும் முன்பே எழுதிவைத்த தீர்ப்பு அது.

அதனால்தான் 'டூர் டிவைட்' வரலாறு எனக்கு முக்கியமாகப் படுகிறது. கனடாவின் பான்ஃபில் தொடங்கி, ராக்கி மலைத்தொடர் வழியாக, மெக்சிகோ எல்லையில் உள்ள ஆன்டிலோப் வெல்ஸில் முடிகிறது. ஏறக்குறைய 4,400 கிலோமீட்டர். பரிசுப் பணம் கிடையாது. உதவி வண்டி கிடையாது. பெண்களுக்கென்று குறுக்குப் பாதையும் கிடையாது.

2009இல் ஜில் ஹோமர் 24 நாள் சொச்சத்தில் முடித்தார். 2015இல் லேல் வில்காக்ஸ் அலாஸ்காவிலிருந்து பான்ஃபுக்கே சைக்கிளில் வந்து, வழியில் மூச்சுத்திணறி மருத்துவமனைக்குப் போயும், 17 நாளில் முடித்தார். அதே கோடையில் தனியாக மறுபடி ஓட்டி, 15 நாள் 10 மணி நேரமாகக் குறைத்தார். ஆறு ஆண்டில் பெண்ணுடம்பு மாறிவிடாது. யாரும் தூரத்தைக் குறைக்காததால் அதன் திறன் தெரியவந்தது.

ஆனாலும் ஒரு கேள்வி எனக்கு மிஞ்சுகிறது. மூன்று வாரம் வீட்டை விட்டுப் போக எத்தனை பெண்களால் முடியும்? குழந்தையையும் முதியவரையும் யார் பார்ப்பார்கள்? பாதை எல்லோருக்கும் ஒன்றுதான். அதன் தொடக்கக் கோட்டுக்கு வந்துசேரும் தூரம்தான் பெண்ணுக்கு இன்னும் அதிகம்.