அவலான் துறைமுகத்தின் சாய மாத்திரை

கலிஃபோர்னியா கரைக்கு அப்பால் இருப்பது கேட்டலினா தீவு. அதன் துறைமுக ஊர் அவலான். 1988 முதல் அங்கே ஒரு நடைமுறை: வந்து சேரும் படகில் துறைமுகக் காவலர் ஏறி, கழிவறையில் சாய மாத்திரை போட்டுத் தண்ணீர் விடுவார். கடலில் சாயம் தெரிந்தால் அபராதம். ஒரு வருஷம் துறைமுகத்துக்குள் வர முடியாது.

அப்படியும் கடற்கரை நீரில் மலக்கிருமிகள் வந்துகொண்டே இருந்தன. எங்கிருந்து? 2000-களில் ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தார்கள். ஊருக்கு அடியில் பாதாளச் சாக்கடைக் குழாய்கள் ஒழுகி, கழிவு நிலத்தடி நீரோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2012-ல் நீர்த்தர வாரியம் ஊர் நிர்வாகத்துக்கே உத்தரவு போட்டது.

படகுத் தடை தப்பில்லைங்க. ஆனால் விருந்தாளியைச் சோதித்த ஊருக்கே, 24 வருஷம் கழித்து உத்தரவு வந்தது.