முள்ளிவாய்க்காலிலிருந்து வந்த குரல்

1990 ஒக்டோபரில் புலிகளால் முல்லைத்தீவிலிருந்து வெளியேற்றப்பட்டவன் நான். 2009இல் புத்தளத்தில் வானொலியருகே அமர்ந்து, விட்டுவந்த மண்ணின் செய்தி கேட்டேன். சுயாதீன ஊடகவியலாளரை அரசு அனுமதிக்காத முள்ளிவாய்க்காலிலிருந்து தொலைபேசியில் பேசியவர்கள் வைத்தியர்கள்: சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா. காயக்காரர் தொகையையும் மருந்துத் தட்டுப்பாட்டையும் அவர்களே உலகிற்குச் சொன்னார்கள்.

மே மாதம் தடுத்துவைக்கப்பட்ட அவர்கள், ஜூலை 8ஆம் திகதி கொழும்பில், தாம் சொன்னவை மிகை என்றார்கள். பின்னர் அமெரிக்கா சென்ற வரதராஜா, அது நெருக்குதலால் சொன்னதென்றார். இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என 2011இல் ஐ.நா. நிபுணர் குழு கூறியது.

நாங்கள் வெளியேறிய நாட்களில், எங்களுக்காக உள்ளிருந்து பேசும் அப்படியொரு குரலை நான் கேட்கவில்லை. அதனால் அதன் பெறுமதி எனக்குத் தெரியும்.