புழல் கோட்டையும் பழுதான வன்தட்டும்

புழல் என்றதும் இன்றைய சென்னைவாசிக்கு ஏரியும் சிறைச்சாலையும் நினைவுக்கு வரும். வரலாறு பயில்வோர்க்கோ அது தொண்டை மண்டலத்தின் இருபத்துநான்கு கோட்டங்களுள் ஒன்றான புழற்கோட்டம். குறும்பர்கள் இங்கே கோட்டை கட்டி ஆண்டனர் என்றும், ஆதொண்டச் சோழன் அவர்களை வென்றான் என்றும் வழிவழிச் செய்தி உண்டு. அக்கோட்டையிலிருந்து கொணர்ந்தவை எனச் சொல்லப்படும் எருக்கந்தூண்கள் இரண்டைத் திருமுல்லைவாயில் கோயிலில் இன்றும் காணலாம்.

இச்செய்தியைக் குறித்து, தமிழ் முதுகலை மாணவராய் இருந்த நாட்களில், கடல் கடந்து வாழ்ந்த பெரியவர் ஒருவரோடு நாம் நெடுநாள் மின்மடல் வழியே உரையாடியதுண்டு. தொண்ணூறுகளின் நடுவில் சிட்னியிலிருந்து பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட் முதலாக, மடலாடற்குழுக்கள் தமிழாய்வின் திண்ணைகளாய் விளங்கிய காலம் அது. அகத்தியர், மரத்தடி, ராயர் காப்பி கிளப் எனப் பல குழுக்கள் யாஹூவின் நிழலில் இருந்தன. 2020 டிசம்பரில் யாஹூ குழுமங்கள் முற்றாக மூடப்பட்டன. அதற்கு முன்பே, அங்கிருந்த பழைய மடல்களின் இருப்பு நீக்கப்பட்டுவிட்டது. பெரியவரும் இன்று நம்மிடையே இல்லை. அவர் எழுதியவை எஞ்சியிருக்கக்கூடிய இடம் என நாம் அறிந்தது ஒன்றே: புழலில் எம் வீட்டுப் பரணில் கிடந்த, 2003-இல் வாங்கிய கணினி.

2021 கோடையில் அதை இறக்கி மின்னிணைப்புக் கொடுத்தோம். நாற்பது கிகாபைட் வன்தட்டு சுழன்றது; பிறகு 'டக், டக்' என்று ஒலித்தது. அவ்வொலியின் பொருளை அன்று நாம் அறியோம். வன்தட்டுக்குள் காந்தப்பூச்சுடைய தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுழல்கிறது. படிக்கும் தலை அதைத் தொடுவதில்லை. மயிரிழையின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான உயரத்தில் மிதக்கிறது. தலை தன் தடத்தைக் காண இயலாமல் மீண்டும் மீண்டும் தொடக்க இடத்துக்குத் திரும்பும்போதே இவ்வொலி எழும். தலை தட்டில் உரசிவிட்டால் அங்கிருந்த எழுத்து தூளாகிப் போகும். எனவே, ஒலி கேட்டதும் மின்னிணைப்பைத் துண்டிப்பதே அறிவுடைமை. அதை அறியாமல் மும்முறை இயக்கிப் பார்த்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

கடையொன்றில், "ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும், சார்" என்றார்கள். வட்டு பயன்படுமாறு ஆகலாம், மடல்கள் என்னாகும்? நல்லவேளையாகக் கணினித்துறை மாணவர் ஒருவர் தடுத்தார். பழுதான வட்டைத் திருத்த முயலாதீர்கள், முதலில் படியெடுங்கள் என்பதே அவர் சொன்ன விதி. டிடிரெஸ்க்யூ என்னும் கட்டற்ற மென்பொருள் அதற்கென்றே அமைந்தது. படிக்க எளிதான பகுதிகளை முதலில் வேறொரு வட்டுக்குப் படியெடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குப் பின்னர் திரும்புகிறது. எவை கிடைத்தன, எவை கிடைக்கவில்லை என்று வரைபடக் கோப்பு ஒன்றும் எழுதிக்கொள்கிறது. இரண்டு பகல், இரண்டு இரவு அது ஓடிற்று. பெரும்பகுதி கிடைத்தது. மூல வட்டு அதன் பின் ஒருபோதும் சுழலவில்லை.

ஆயினும் மடல் கைக்கு வந்தபாடில்லை. அன்றைய அவுட்லுக் எக்ஸ்பிரஸ், ஒரு கோப்புறையின் மடல்களையெல்லாம் ஒரே கோப்பில் அடைத்துவைக்கும். அக்கோப்பின் அட்டவணை சிதைந்திருந்ததால் மென்பொருள் அதைத் திறக்க மறுத்தது. ஆனால் அட்டவணை கிழிந்த நூலிலும் பக்கங்கள் இருக்குமல்லவா? ஒவ்வொரு மடலின் தலைப்பிலும் அனுப்புநர், நாள், பொருள் ஆகிய வரிகள் உண்டு. அவ்வரிகளைத் தேடித் தேடி மடல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்தெடுத்தோம்.

பிரித்தெடுத்தவை தமிழாக இல்லை! புள்ளியும் கொம்பும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிவரியாய் நின்றன. அன்று தமிழுக்கு ஒரே குறியேற்றம் இல்லை என்பதை மறந்துவிட்டிருந்தோம். 1999 தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாப், டாம் என்பவற்றை ஏற்றது. மடலாடற்குழுக்களோ டிஸ்கியைப் புழங்கின. ஒருங்குறியை அரசு முறையாக ஏற்றது 2010-இல்தான். டிஸ்கியில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, ககரம், கால் எனச் சேமிக்கப்படும். ஒருங்குறியிலோ ககரத்தை அடுத்தே உயிர்க்குறி வரும். ஆகவே எழுத்தை மாற்றினால் மட்டும் போதாது, வரிசையையும் மாற்ற வேண்டும். சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் இல்லையேல் நம் உழைப்பு வீணாகியிருக்கும். வட்டு, கோப்பு, எழுத்து என மூன்று மீட்புகள் நிகழ்ந்தால்தான் ஒரு தமிழ் மடல் மீள்கிறது.

சில மடல்களில் இடையிடையே வெறுமை. வட்டின் ஒரு கூறு 512 பைட்டுகள் கொண்டது. டிஸ்கியில் அது ஏறக்குறைய ஒரு சிறு பத்தி. செல்லரித்த ஏட்டைப் பதிப்பித்தவர்கள் சிதைந்த இடத்தில் புள்ளியிட்டதுபோல் நாமும் புள்ளியிட்டோம்.

மீண்ட முதல் மடலே புழல் குறும்பர் பற்றியது. அச்செய்தியும் இவ்வாறே மீட்கப்பட்டது என்பதைப் பெரியவர் அதில் விளக்கியிருந்தார். காலின் மெக்கன்சி, காவலி சகோதரர் முதலிய உதவியாளரைக் கொண்டு ஊர்தோறும் திரட்டிய குறிப்புகளுள் குறும்பர் வரலாறும் ஒன்று. 1821-இல் மெக்கன்சி மறைந்தார். 1828-இல் வில்சன் கல்கத்தாவில் அத்தொகுப்புக்கு அட்டவணை வெளியிட்டார். பின்னர் சென்னைக்கு வந்த தென்மொழிக் குறிப்புகள் பல, மை மங்கியும் பூச்சி அரித்தும் கிடந்தன. 1830-களில் வில்லியம் டெய்லர் அவற்றை ஆராய்ந்து, அழியும் நிலையில் இருந்தவற்றைப் புதிய ஏடுகளில் படியெடுக்கச் செய்தார். 1893-இல் குஸ்தவ் ஆப்பர்ட் தம் நூலில் குறும்பரைப் பற்றி விரிவாக எழுத முடிந்தது இந்தத் தொடர்ச்சியால்தான். டெய்லரின் முடிவுகள் பலவற்றை இன்றைய ஆய்வாளர் ஏற்பதில்லை. அவர் எடுப்பித்த படிகளை மறுப்பாரில்லை.

மின்மடலுக்கு ஏட்டினும் ஒரு நற்பேறு உண்டு. அனுப்பியவரிடம் ஒரு படி, பெற்றவரிடம் ஒரு படி. குழுமடலாயின் நூற்றுக்கணக்கான படிகள். 1986 நவம்பரில், ஈரான்-கான்ட்ரா விவகாரம் வெளிப்பட்ட வேளையில், வெள்ளை மாளிகையின் ஆலிவர் நார்த் தம் மின்மடல்களை அழித்தார். காப்பு நாடாக்களில் இருந்த படிகள் விசாரணைக்கு வந்து நின்றன. எம் மடல்களில் நாம் புள்ளியிட்ட இடங்களும் இன்னொருவர் பரணில் முழுமையாய் இருக்கக்கூடும். உ.வே.சா. பல ஊர்ச் சுவடிகளை ஒப்புநோக்கி 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்தது அந்த நம்பிக்கையில்தானே?

ஆகவே நண்பர்களே, பழைய இரும்புக்காரருக்குப் போடுமுன் அந்தக் கணினியை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். திறந்து படிக்கும் ஆவலை அடக்கி, முதலில் படியெடுங்கள். ஒலி கேட்டால் நிறுத்திவிடுங்கள். பெரியவரின் கடைசி மடல் எம்மிடம் பாதியில் நிற்கிறது. புழல் கோட்டையின் மதில் எங்கே இருந்திருக்கலாம் என்று அவர் சொல்லத் தொடங்கிய இடத்தில் 512 பைட்டுகளைக் காணோம்.