'மர்ஹூம்' என்ற சொல்லுக்குள் இருக்கும் ரஹ்மத்

ஜனாஸா அறிவித்தல்களில் நாம் அடிக்கடி காணும் சொல் 'மர்ஹூம்', பெண்களுக்கு 'மர்ஹூமா'. 'காலஞ்சென்றவர்' என்பதற்கான அறபுச் சொல்லாகவே நம்மில் பலர் இதனைக் கருதுகிறோம். ஆனால் இச்சொல்லின் வேரில் மரணம் என்ற கருத்தே இல்லை. 'ரஹ்மத் செய்யப்பட்டவர்' என்பதே நேரடிப் பொருள். அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்வானாக என்ற துஆவாகவே அதனைச் சொல்கிறோம்.

ரா, ஹா, மீம் என்ற மூன்று எழுத்துக்களே இதன் வேர். பிஸ்மியில் நாம் ஓதும் ரஹ்மான், ரஹீம் ஆகிய திருநாமங்களும் ஸலாத்தில் வரும் 'ரஹ்மத்' என்பதும் இவ்வேரிலிருந்து வந்தவையே. தாயின் கருவறையைக் குறிக்கும் 'ரஹிம்' என்ற சொல்லும் அப்படித்தான். அதன் பன்மையான 'அர்ஹாம்' அல்குர்ஆனில் (3:6) கருவறைகள் என்ற பொருளில் வருகிறது. இரத்த உறவைப் பேணுவதை 'ஸிலதுர் ரஹிம்' என்பதும் இதனாலேயே. அறபின் சகோதர மொழியான ஹீப்ருவிலும் 'ரெஹெம்' என்றால் கருவறை, 'ரஹமீம்' என்றால் இரக்கம்.

தமிழில் ரஹ்மத்தை இரக்கம், கருணை, அருள் என்றெல்லாம் பெயர்க்கிறோம். இரக்கம் என்றால் துன்பப்படும் ஒருவர் நம் நினைவுக்கு வருவார். ரஹ்மத் அதைவிட விரிந்தது; மழையை இறக்கித் தனது ரஹ்மத்தைப் பரப்புவதாக அல்லாஹ் கூறுகிறான் (42:28). ஆங்கிலத்தின் 'மேர்சி' என்ற சொல்லோ, கூலி, விலை எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கருவறையில் கிடைப்பதற்குக் கூலி ஏது?

நபி (ஸல்) அவர்கள் பேரர் ஹஸன் (ரழி) அவர்களை முத்தமிட்டபோது, தனக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்றார் அக்ரஃ இப்னு ஹாபிஸ் (ரழி). இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்று நபியவர்கள் பதிலளித்ததாக புகாரியில் பதிவாகியுள்ளது. அப்பதிலின் அறபு வாசகத்தில் இருப்பவை 'யர்ஹம்', 'யுர்ஹம்' என்ற இரண்டே வினைகள்: ஒன்று செய்வினை, மற்றது செயப்பாட்டுவினை. 'மர்ஹூம்' என்பதும் செயப்பாட்டு வடிவமே.

காணித் தகராறில் வருடக்கணக்காகப் பேசாதிருந்த உடன்பிறப்புகள், ஒருவர் மௌத்தான பின் அவரை 'மர்ஹூம்' என்று கண்ணீரோடு அழைப்பதை நம் ஊர்களில் கண்டிருக்கிறோம். அந்தத் துஆ தேவைதான். ஆனால் ஒரே ரஹிமில் பிறந்தவருக்குரிய ரஹ்மத்தை ஜனாஸா அறிவித்தல் வரை தாமதிக்க வேண்டுமா? இன்றே ஒரு ஸலாம் சொன்னால், அதிலும் அந்த ரஹ்மத் இருக்கிறது.