வெட்டும் ஒட்டும் – 14: திறக்காத கோப்பு

சென்ற வாரம் கதையைக் கொடைக்கானல் காட் ரோட்டில் நிறுத்தியிருந்தோம். ஆண்டு 1991. ‘குணா’ படப்பிடிப்பு. தூண் பாறைக்குப் பக்கத்தில் ஒரு பாறைப் பிளவு. 1821-இல் பழனி மலையை அளக்க வந்த பி. எஸ். வார்டு குறித்துவைத்த இடம். பிறகு ‘டெவில்ஸ் கிச்சன்’ என்று பெயர் பெற்றது. அதற்குள் இறங்கி எடுத்த காட்சிகள் தகர டப்பாக்களில் மலையிறங்குகின்றன. பெருமாள்மலை, ஊத்து, காமக்காபட்டி, வத்தலக்குண்டு, அப்புறம் சமவெளி, கடைசியில் சென்னை லேப். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். அந்த இருட்டில் ஒளிப்பதிவாளர் வேணு பிடித்த வெளிச்சம் சரியாகப் பதிந்ததா, ஃபோகஸ் நின்றதா என்பது சுருளைக் கழுவிப் பார்க்கும்வரை யாருக்கும் உறுதியில்லை.

கேள்வி இதுதான்: மலையிறங்கிப் போன அந்த நெகட்டிவுக்கும், எடிட்டர் மேசையில் விழுகிற கத்தரிக்கும் என்ன தொடர்பு? எடிட்டர் வெட்டுவது நெகட்டிவை அல்லவே!

நெகட்டிவைக் கழுவியதும் அதிலிருந்து ஒரு பாசிட்டிவ் எடுப்பார்கள். அதற்குப் பெயர் ரஷ். ‘குணா’வின் எடிட்டர்கள் பி. லெனினும் வி. டி. விஜயனும். அவர்கள் காலத்து எடிட்டிங் அறையில் இந்த ரஷ்தான் வெட்டப்படும், டேப் போட்டு ஒட்டப்படும், பிடிக்காவிட்டால் பிரித்து மறுபடி ஒட்டப்படும். துணியைத் தொங்கவிட்ட தொட்டிக்கு மேலே ஊசிகளில் துண்டு துண்டாகப் படம் தொங்கும். அசிஸ்டென்ட் ஒவ்வொரு துண்டிலும் மெழுகுப் பென்சிலால் எழுதி வைப்பார். ஒரு ஃப்ரேம் தொலைந்தால் தரையில் உட்கார்ந்து தேட வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகுதான், பூட்டி வைத்திருந்த நெகட்டிவ் வெளியே வரும். ஒட்டிய ரஷ்ஷைப் பார்த்துப் பார்த்து அதே இடங்களில் நெகட்டிவை வெட்டுவார்கள்.

அதே இடம் என்று எப்படித் தெரியும்?

படச்சுருளின் ஓரத்தில் ஓர் எண் இருக்கிறது. ஃபிலிம் தயாராகும்போதே கம்பெனி கண்ணுக்குத் தெரியாமல் பதித்துவிடும் எண் அது. சுருளைக் கழுவினால் வெளியே வரும். ரஷ் அடிக்கும்போது அந்தப் பிரதியிலும் விழும். அடிக்கு ஒரு எண். 35 எம்.எம்.மில் ஓர் அடிக்கு 16 ஃப்ரேம். எண்ணையும் அதிலிருந்து எத்தனையாவது ஃப்ரேம் என்பதையும் சொன்னால் போதும், உலகத்தில் அந்த ஒரே ஃப்ரேம்தான். எடிட்டிங் அறைக்காரர்கள் இதை எட்ஜ் நம்பர் என்பார்கள். இந்தத் தொடரில் இதுவரை வந்த எந்தக் கருவியையும்விட இந்தச் சின்ன எண்மீதுதான் எனக்கு மதிப்பு அதிகம். மூவியோலாவில் வெட்டினாலும் ஸ்டீன்பெக்கில் வெட்டினாலும் அதற்கு ஒன்றுதான். வெட்டுகிற இயந்திரம் எதுவென்று அந்த எண் கேட்பதில்லை.

1991 நவம்பர் 5, தீபாவளி. ‘குணா’ திரைக்கு வந்தது. கொடைக்கானலின் அந்தப் பிளவுக்கு ‘குணா குகை’ என்ற பெயர் நிலைத்தது.

ஆனால் அந்தப் படம் கத்தரிக்கும் டேப்புக்கும் போய்க்கொண்டிருந்த நேரத்திலேயே, பூமியின் மறுபக்கத்தில் கத்தரிக்குக் கெடு வைத்தாகிவிட்டது.

பாஸ்டனுக்கு அருகே அப்போலோ கம்ப்யூட்டர் என்றொரு நிறுவனம். அங்கே வேலை பார்த்த பில் வார்னருக்குத் தன் நிறுவனத்துக்காக வீடியோக்கள் தயாரிக்க வேண்டியிருந்தது. டேப்பிலிருந்து டேப்புக்குக் காப்பி செய்து கோக்கும் முறை அது. நடுவில் ஒரு ஷாட்டை நீட்ட நினைத்தால் அதற்குப் பின்னால் வருகிற அனைத்தையும் மறுபடி பதிய வேண்டும். ‘கம்ப்யூட்டரில் இதைச் செய்ய ஏதாவது இருக்குமே’ என்று தேடினார். இல்லை. 1987-இல் தானே ஒரு நிறுவனம் தொடங்கினார். பெயர் ஆவிட். 1989-இல் லாஸ் வேகாஸ் ஒளிபரப்புக் கண்காட்சியில், மேக்கின்டாஷ் கணினியின் மேல் ஓடும் அந்த எடிட்டிங் இயந்திரம் மேடையேறியது. படம் மங்கலாகத் தெரிந்தது. கட்டம் கட்டமாக உடைந்தது. இருந்தும் எந்த ஷாட்டை எங்கே வேண்டுமானாலும் இழுத்து வைக்கலாம். பின்னால் வருவது தானாக நகர்ந்துகொள்ளும்.

விளம்பரக்காரர்களும் டிவிக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். சினிமாக்காரர்கள் தயங்கினார்கள். தயக்கத்துக்குக் காரணம் பழைமைப் பிடிவாதம் என்று சொல்வது அவர்களுக்கு அநியாயம். கணக்கு உதைத்தது.

சினிமா விநாடிக்கு 24 ஃப்ரேம். அமெரிக்க டிவி விநாடிக்குக் கிட்டத்தட்ட 30. சினிமாவை அந்த டிவி வடிவத்துக்கு மாற்றும்போது சில ஃப்ரேம்களின் பாதியை இன்னொரு முறை காட்டி இட்டு நிரப்புவார்கள். அப்படி நிரப்பியதன் மேல் கணினியில் வெட்டினால், வெட்டு விழுந்த இடம் நிஜ ஃப்ரேமா, இட்டு நிரப்பியதா? நெகட்டிவில் அப்படியொரு ஃப்ரேமே இருக்காது. 1992-இல் ஆவிட் 24 ஃப்ரேமிலேயே வேலை செய்யும் ‘ஃபிலிம் கம்போஸர்’ என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்த பிறகுதான் ஹாலிவுட் எடிட்டர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்தியாவில் டிவி விநாடிக்கு 25 ஃப்ரேம். இங்கே ஒரு வசதி உண்டு, ஒரு கண்ணியும் உண்டு. ஃபிலிமை வீடியோவாக மாற்றும் டெலிசினி இயந்திரத்தில் சினிமாவை 25 வேகத்தில் ஓடவிட்டால், ஒரு சினிமா ஃப்ரேமுக்கு ஒரு வீடியோ ஃப்ரேம், எண்ணிக்கை பிசகாது. ஆனால் படம் கொஞ்சம் வேகமாக ஓடும். மூன்று நிமிடப் பாட்டில் 4,320 ஃப்ரேம். 25 வேகத்தில் அது 172.8 விநாடியில் முடிந்துவிடும். ஏழு விநாடி காணாமல் போகிறது. ஒலியையும் அதே அளவு வேகப்படுத்தி ஓட்ட வேண்டும். மறந்தால் பாட்டு ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம்.

இந்த இடத்தில்தான் ‘குணா’வின் ஆட்களே மறுபடி கதைக்குள் வருகிறார்கள். ‘குணா’வை இயக்கிய அதே சந்தான பாரதி, அதில் நடித்த அதே கமல்ஹாசன். படம் ‘மகாநதி’. எடிட்டர் என். பி. சதீஷ். ஆவிடில் எடிட் செய்யப்பட்ட முதல் இந்தியப் படமாகக் குறிப்பிடப்படுவது இதுதான். கொடைக்கானல் குகைக்கும் இதற்கும் இடையே மூன்றாண்டுகூட இல்லை.

கணினியில் வெட்டுவதால் நெகட்டிவ் மாறிவிடவில்லை, இங்கேதான் சங்கடம். திரையில் ஓடப் போவது அப்போதும் ஃபிலிம் பிரிண்ட்தான். ஆக, கணினியில் நடப்பதெல்லாம் ஒத்திகை. ஒத்திகை முடிந்ததும் இயந்திரம் ஒரு பட்டியல் தர வேண்டும்: இந்த ஷாட், இந்த எட்ஜ் நம்பரில் தொடங்கி இந்த எட்ஜ் நம்பரில் முடிகிறது. இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி, 2,16,000 ஃப்ரேம். கோடாக் 1990-இலேயே எட்ஜ் நம்பருக்குப் பக்கத்தில் பார்கோடும் பதிக்கத் தொடங்கியிருந்தது. எண்ணைக் கண்ணால் படிக்க வேண்டியதில்லை, இயந்திரமே படிக்கும். இருந்தாலும் டெலிசினியில் ஒரு சுருளைத் தொடக்கத்தில் ஒரு ஃப்ரேம் தள்ளிப் பதிந்துவிட்டால், அந்தச் சுருளிலிருந்து வந்த ஒவ்வொரு வெட்டும் ஒரு ஃப்ரேம் தள்ளியே விழும். கணினித் திரையில் எல்லாம் சரியாகவே தெரியும். நெகட்டிவை வெட்டிய பிறகுதான் விஷயம் வெளிவரும்.

இன்னொரு ஆபத்து இதைவிட நுட்பமானது. கணினியில் ஒரு ஷாட்டை இரண்டு இடத்தில் வைக்கலாம், பத்து இடத்திலும் வைக்கலாம். நெகட்டிவ் ஒன்றுதான். ரஷ்ஷைக் கையில் பிடித்து வெட்டியவருக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. எடுத்த துண்டு எடுத்ததுதான், ஊசியில் இடம் காலியாக இருக்கும். கணினியில் அந்தக் காலியிடம் தெரியாது. அதோடு நெகட்டிவைப் பசை போட்டு ஒட்ட, ஒட்டும் இடத்தில் பக்கத்து ஃப்ரேமிலிருந்து கொஞ்சம் சுரண்டிப் பலி கொடுக்க வேண்டும். ஒரே ஷாட்டை இரண்டாக வெட்டி, நடுவில் ஒரு ஃப்ரேம்கூட விடாமல் வேறு வேறு இடங்களில் பயன்படுத்தினால் ஒட்டுவதற்கு இடமே இருக்காது. ஃபிலிம் கம்போஸரில் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வசதி வைத்தார்கள். ஒரே ஃப்ரேமை இரண்டு இடத்தில் பயன்படுத்தினால் வண்ணக் கோடு போட்டுக் காட்டிவிடும். ஒரு புதிய இயந்திரம் பழைய பொருளின் கஷ்டத்தை இவ்வளவு மரியாதையோடு நினைவில் வைத்திருந்ததை இந்த வரலாற்றில் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அதிகம் பார்க்க மாட்டோம்.

1994 ஜனவரி 14, பொங்கல். ‘மகாநதி’ வெளியானது. எண்கள் நெகட்டிவை ஏமாற்றவில்லை. 1993-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாகவும் அது தேர்வானது.

இனி நாம் கவனிக்க வேண்டியது அந்தப் பட்டியலை. எடிட்டிங் உலகில் இ.டி.எல். என்று ஒன்று உண்டு. வெறும் எழுத்தும் எண்ணும் கொண்ட கோப்பு: வரிசை எண், சுருளின் பெயர், தொடக்கம், முடிவு. இதில் பரவலாக நிலைத்தது ‘சி.எம்.எக்ஸ். 3600’ என்ற வடிவம். வீடியோ டேப் எடிட்டிங் காலத்தில் பிறந்தது. அதிகபட்சம் 999 வெட்டு, சுருள் பெயருக்கு எட்டு எழுத்து என்று ஆயிரம் குறைகள். அதைப் பெற்ற நிறுவனம் எப்போதோ மறைந்துவிட்டது. ஆனால் அந்தக் கோப்பை இன்றைக்கும் பிரீமியர், ரிசால்வ் போன்ற எடிட்டிங் மென்பொருளில் கொடுங்கள், திறக்கும். எந்த மென்பொருளும் இல்லாமல், சாதாரண எழுத்துக் கோப்பாகவே திறந்து கண்ணால் படிக்கலாம்.

அதே எடிட்டிங் அறைகளில் இருந்த ஹார்ட் டிஸ்க்குகளின் கதி வேறு. டிஸ்க் அன்று தங்கத்தின் விலை. படம் ரிலீஸானதும் அழித்துவிட்டு அடுத்த படத்துக்குக் கொடுப்பதுதான் வழக்கம். யாரும் வருத்தப்படவில்லை. நெகட்டிவ் லேபில் பத்திரமாக இருக்கும்போது ஒத்திகையை எதற்குச் சேமிக்க வேண்டும்?

நியாயமான கேள்விதான். நெகட்டிவ் இருக்கிற வரைக்கும்.

1999-இல் ஆப்பிள் ‘ஃபைனல் கட் புரோ’வைக் கொண்டுவந்தது. அதைத் தொடங்கி வைத்த ராண்டி உபிலோஸ், அதற்கு முன்பு அடோபியின் பிரீமியரை எழுதியவர். விலை 999 டாலர். ஆவிடோடு ஒப்பிட்டால் அது விலையே இல்லை. ‘தி இங்கிலீஷ் பேஷன்ட்’ படத்தை ஆவிடில் வெட்டி ஆஸ்கர் வாங்கிய வால்டர் மர்ச், 2003-இல் வந்த ‘கோல்ட் மவுன்ட’னை ஃபைனல் கட்டில் வெட்டினார். பெரிய படமும் இதில் வெட்டலாம் என்று உலகம் நம்பிவிட்டது. சாலிகிராமத்திலும் வடபழனியிலும் ஒரு படுக்கையறை அளவு இடம், ஒரு மேக், இரண்டு மானிட்டர் இருந்தால் எடிட்டிங் ஸ்டூடியோ என்றாகிவிட்டது. இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறவன். ஆவிட் வாடகைக்குப் பயந்து எடிட்டிங் கற்க முடியாமல் இருந்த எத்தனையோ இளைஞர்களுக்குக் கதவைத் திறந்தது இதுதான்.

கூடவே ஒரு புது வியாதியும் வந்தது: அப்டேட். புதிய பதிப்பில் ஒருமுறை சேமித்த புராஜெக்ட்டைப் பழைய பதிப்பு திறக்காது. எடிட்டர் ஒரு பதிப்பில், கிராஃபிக்ஸ் செய்பவர் வேறு பதிப்பில் என்றால் வேலை நின்றது. பிரீமியர்காரர்கள் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். அதன் புராஜெக்ட் கோப்பு, சுருக்கிக் கட்டிய ஓர் எழுத்துக் கோப்புதான். பிரித்து, உள்ளே பதிப்பு எண்ணைக் குறைத்து எழுதி, மறுபடி கட்டினால் பழைய பதிப்பு ஏமாந்து திறந்துவிடும். இது நடக்கும் என்பதே எனக்குக் கோபத்தைத் தருகிறது. திறக்க முடியாதபடி கோப்பு பெரிதாக மாறிவிடவில்லை. பல நேரம் வாசலில் நின்ற எண்தான் தடுத்தது.

இந்த நேரத்தில் நெகட்டிவும் விடைபெறத் தொடங்கியது. 2009-இல் வந்த ‘உன்னைப்போல் ஒருவன்’ ரெட் ஒன் டிஜிட்டல் கேமராவில் எடுக்கப்பட்டது. தகர டப்பா இல்லை, லேப் இல்லை, எட்ஜ் நம்பர் இல்லை. கொடைக்கானலில் எடுத்ததைக் கொடைக்கானலிலேயே அன்று இரவு லாட்ஜ் அறையில் போட்டுப் பார்க்கலாம். வத்தலக்குண்டு இறங்கிப் போய்ச் சேர வேண்டியது ஒரு ஹார்ட் டிஸ்க் மட்டும். எவ்வளவு பெரிய விடுதலை! ஆனால் இப்போது மூலப் படமும் ஒரு கோப்பு. அதை எங்கெங்கே வெட்டினோம் என்ற நினைவும் இன்னொரு கோப்பு. அந்த நினைவு முழுவதும் ஒரு நிறுவனத்தின் மென்பொருளுக்குள் அடைபட்டிருந்தது. ஏராளமான எடிட்டிங் அறைகளில் அந்த மென்பொருள், 2009 ஜூலையில் வந்த ஃபைனல் கட் புரோ 7.

2011 ஜூன் 21. ஆப்பிள் புத்தம் புதிய ஃபைனல் கட் புரோ எக்ஸை வெளியிட்டது. 299 டாலர். கடைக்குப் போக வேண்டாம், இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அதிவேகம், பெரிய நினைவகத்தை முழுதாகப் பயன்படுத்தும் 64 பிட் கட்டமைப்பு, முற்றிலும் புதிய டைம்லைன். உலகெங்கும் எடிட்டர்கள் இறக்கினார்கள். திறந்தார்கள். பாதியில் நிற்கும் படத்தைக் கொண்டுவர இம்போர்ட் மெனுவுக்குப் போனார்கள்.

வீட்டு வீடியோக்களுக்கான ஐமூவி புராஜெக்ட்டை உள்ளே எடுக்க வழி இருந்தது. ஃபைனல் கட் 7 புராஜெக்ட்டுக்கு இல்லை. சரி, பட்டியலாகவாவது கொடுத்து வாங்கலாம் என்றால் இ.டி.எல். இல்லை. எக்ஸ்.எம்.எல். இல்லை. ஒலிக்காரருக்கு அனுப்ப ஓ.எம்.எஃப். இல்லை. அத்தனை கதவும் ஒரே நாளில் அடைபட்டிருந்தன. பழைய பதிப்பே போதும் என்று திரும்பிப் பார்த்தவர்களுக்கு அடுத்த அடி காத்திருந்தது: ஃபைனல் கட் 7 விற்பனையை ஆப்பிள் நிறுத்தியிருந்தது.

பழைய புராஜெக்ட்டைப் புதிய பதிப்புக்குள் கொண்டுபோகும் வழி அடுத்த ஆண்டு திறந்தது. திறந்தது ஆப்பிள் அல்ல. ஒரு சின்னஞ்சிறு நிறுவனத்தில் வேலை பார்த்த இரண்டு பேர், அதற்கு ஒரு சாவி செய்தார்கள். ஆனால் அந்தச் சாவி பொருந்துவதற்கு, ஆப்பிளே தன் பூட்டில் ஒரு துளை போட வேண்டியிருந்தது. போட்டது எப்படி?

(அடுத்த வாரம்)