கணக்குப் படிப்புக்கு வெளிநாட்டில் அங்கீகாரம்: பெட்டி கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

நம் ஊர்களிலிருந்து சபுர் போகும் பட்டதாரிகளில் பி.காம். படித்தவர்கள் நிறையப் பேர். ஊரில் ஆடிட்டர் அலுவலகத்தில் சில காலம் வேலை பார்த்து, டேலி பழகி, துபாய்க்கோ ரியாத்துக்கோ போகிறார்கள். சிலர் அங்கிருந்து கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் குடும்பத்தோடு குடியேறுகிறார்கள். போன இடத்தில்தான், "உங்கள் பட்டம் இங்கே செல்லுமா?" என்ற கேள்வி எழுகிறது. பதில் தெரியாததால் கணக்காளராகப் போனவர் குமாஸ்தாவாகவே பல ஆண்டுகளைக் கழிப்பதையும், தேவையில்லாத படிப்புக்குப் பெரும் பணம் கட்டுவதையும் பார்க்கிறோம்.

குழப்பத்துக்கு முதல் காரணம், 'அங்கீகாரம்' என்ற ஒரே சொல்லால் நாம் நான்கு விஷயங்களைக் குறிப்பதுதான். சான்றிதழ் உண்மையானதா என்பது ஒன்று. அந்த நாட்டின் எந்தப் படிப்புக்கு அது சமம் என்பது இரண்டாவது. கணக்காளர்களின் தொழில் அமைப்பு நம்மை உறுப்பினராகச் சேர்க்குமா என்பது மூன்றாவது. தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடும் உரிமம் நான்காவது. இவற்றில் ஒன்று கிடைத்துவிட்டால் மற்றவையும் கிடைத்துவிட்டதாக ஆகாது.

சான்றிதழ் உண்மைதான் என்ற முத்திரை

வளைகுடாவில் முதலில் கேட்பது இதைத்தான். அட்டெஸ்டேஷன் என்று நாம் சொல்வதும் இதுவே. ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போகிறவரின் பட்டச் சான்றிதழில் முதலில் மாநில அரசும், பிறகு நம் வெளியுறவு அமைச்சகமும், அதன்பின் அமீரகத் தூதரகமும் சான்று தர வேண்டும். கடைசியாக அமீரகத்தின் வெளியுறவு அமைச்சகம் சான்று தரும். நம் வெளியுறவு அமைச்சகம் பொதுமக்களிடம் நேரடியாக ஆவணம் வாங்குவதில்லை. அது நியமித்துள்ள நிறுவனங்கள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். அந்த நிறுவனங்களின் பட்டியல் அமைச்சகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. தெருமுனை ஏஜென்டிடம் அசல் சான்றிதழைக் கொடுப்பதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில நாடுகளுக்கு இவ்வளவு படிகள் இல்லை. அப்போஸ்டில் என்ற ஒரே சான்று போதும். இதற்கான ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2005இல் சேர்ந்தது. வளைகுடாவில் ஓமனில் 2012 முதலும், பஹ்ரைனில் 2013 முதலும், சவுதியில் 2022 டிசம்பர் முதலும் அது நடைமுறையில் இருக்கிறது.

சவுதியில் இன்னொரு படியும் உண்டு. இகாமாவில் 'கணக்காளர்' என்று தொழில் பதிவாக வேண்டுமானால், சோக்பா எனப்படும் சவுதி கணக்காளர் அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். அங்கே பட்டத்தைச் சரிபார்ப்பார்கள். இகாமாவில் எந்தத் தொழில் இருக்கிறது என்பது சம்பளத்தோடு நிற்கும் விஷயமில்லை. குடும்பத்தை அழைத்துக்கொள்வதிலும் அது குறுக்கே வரலாம்.

பெயரில் வரும் சிக்கல்

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'முகமது', பட்டத்தில் 'முஹம்மத்', பாஸ்போர்ட்டில் வேறோர் ஆங்கில எழுத்துக்கூட்டல் என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். சான்றிதழில் இன்ஷியல் மட்டும் இருக்க, பாஸ்போர்ட்டில் வாப்பாவின் முழுப்பெயர் இருக்கும். பெண்களுக்குச் சான்றிதழில் வாப்பாவின் இன்ஷியலும் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரும் இருப்பது உண்டு. ஊரில் இருக்கும்போதே இதைச் சரிசெய்வது எளிது. வெளிநாட்டில் இருந்துகொண்டு பல்கலைக்கழகத்துக்கு ஆள் அனுப்பி அலைவது பெரும் பாடு.

சமநிலை மதிப்பீடு

கனடாவுக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியில் விண்ணப்பிப்பவரின் வெளிநாட்டுப் படிப்பு கணக்கில் வர வேண்டுமானால், டபிள்யூ.இ.எஸ். போன்ற நியமிக்கப்பட்ட அமைப்பிடம் அதை மதிப்பிட்டு வாங்க வேண்டும். மதிப்பெண் பட்டியலை நம் பல்கலைக்கழகமே அந்த அமைப்புக்கு அனுப்ப வேண்டியிருக்கும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் முன்கூட்டியே தொடங்குங்கள். குடியேற்றத்துக்கு இந்த மதிப்பீட்டு அறிக்கை ஐந்து ஆண்டுகள் செல்லும். நம் மூன்றாண்டு பி.காம். எல்லா இடத்திலும் அங்குள்ள நான்காண்டுப் பட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. தொலைநிலைக் கல்வியில் பெற்ற பட்டத்தை ஏற்பதிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு.

இந்த அறிக்கை குடியேற்றத்துக்கு உதவும். அதை வைத்து ஒருவர் கனடாவில் சி.பி.ஏ. ஆகிவிட முடியாது. இதைப் புரிந்துகொள்ளாமல் போய் ஏமாந்தவர்கள் பலர்.

தொழில் அமைப்பும் உரிமமும்

கனடாவில் சி.பி.ஏ. பட்டத்தை ஒழுங்குபடுத்துவது அந்தந்த மாகாணத்தின் அமைப்பு. டொராண்டோவில் குடியேறுகிறவர் ஒன்டாரியோ அமைப்பை அணுக வேண்டும். நம் படிப்பில் எந்தப் பாடங்கள் குறைகின்றன என்று அவர்கள் சொல்வார்கள். அவற்றை முடித்து, தொழில்முறைப் படிப்பும் இறுதித் தேர்வும் தாண்டி, 30 மாத நடைமுறை அனுபவமும் காட்ட வேண்டும். ஆனால் கணக்கு எழுதும் வேலை, சம்பளப் பட்டியல், பில் பிரிவு வேலைகளுக்குப் பொதுவாக இந்தப் பட்டம் தேவையில்லை. அங்கே வேலையில் சேர்ந்துகொண்டே சி.பி.ஏ. படிப்பது பலருக்கு ஒத்துவரும் வழி.

இங்கிலாந்தில் 'கணக்காளர்' என்ற பெயரை யாரும் பயன்படுத்தலாம். 'பட்டயக் கணக்காளர்' என்று போட்டுக்கொள்ளவும், சட்டப்படியான தணிக்கை செய்யவும்தான் தடை உண்டு. ஆனால் பிறருக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதைச் சொந்தத் தொழிலாகச் செய்பவர், பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்படி ஏதாவது ஒரு கண்காணிப்பு அமைப்பின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும்.

பல நாடுகளில் மதிப்புள்ள தகுதி வேண்டும் என்பவர்கள் ஏ.சி.சி.ஏ. படிக்கிறார்கள். இப்போதைய அமைப்பில் இதில் 13 தாள்கள். முன்பு படித்த படிப்பைப் பொறுத்து 9 தாள்கள் வரை விலக்கு கிடைக்கும். இந்தியாவில் சி.ஏ. முடித்தவருக்கும் வெறும் பி.காம். படித்தவருக்கும் ஒரே அளவு விலக்கு கிடைக்காது. கடைசி நான்கு தாள்களுக்கு யாருக்குமே விலக்கு இல்லை. அதோடு 36 மாத வேலை அனுபவமும் வேண்டும். எத்தனை தாள் விலக்கு என்பதை ஏ.சி.சி.ஏ. இணையதளத்திலேயே கட்டணமின்றிப் பார்க்கலாம். பயிற்சி மையம் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம். ஏ.சி.சி.ஏ. முடித்தவரும் கனடாவில் சி.பி.ஏ. ஆக வேண்டுமானால் மாகாண அமைப்பிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

இந்தியாவில் சி.ஏ. முழுமையாக முடித்தவர்களுக்குச் சுருக்கு வழிகள் உண்டு. நம் சி.ஏ. அமைப்பு சில வெளிநாட்டுத் தொழில் அமைப்புகளோடு உடன்பாடு செய்திருக்கிறது. அவை குறிப்பிட்ட காலத்துக்கானவை. நாம் விண்ணப்பிக்கும் நேரத்தில் நடைமுறையில் இருக்கிறதா என்று இரு தரப்பிலும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

பட்டச் சான்றிதழ், எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல்கள், பாடத்திட்டத்தின் நகல் ஆகியவற்றை எடுத்துவையுங்கள். விலக்கு கேட்கும்போது பாடத்திட்டம் உதவும். வேலை பார்த்த ஒவ்வோர் இடத்திலும் அனுபவச் சான்றிதழ் வாங்குங்கள். அதில் பதவி, தேதிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், செய்த வேலைகள் எல்லாம் இருக்க வேண்டும். விசாவில் வேறு தொழில் போட்டு, கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். கம்பெனி மூடிய பிறகு அதை யாரிடம் போய்க் கேட்பது?

கணவரோடு போகும் பெண்களின் சான்றிதழ்களையும் சேர்த்தே முத்திரை வாங்கிவிடுங்கள். ஊரில் பீரோவில் கிடக்கும் பட்டத்தால், அங்கே வேலை வாய்ப்பு வரும்போது பயனில்லை.

"ஒரே மாதத்தில் எம்.காம்." என்று அழைப்பவர்களின் பக்கம் போகவே வேண்டாம். பட்டம் வழங்கியதாகச் சொல்லப்படும் பல்கலைக்கழகத்திடமே சரிபார்க்கும் காலம் இது. போலி என்று தெரிந்தால் வேலை போவதோடு முடியாது. வழக்கும் நாடு கடத்தலும் வரும், உண்மையாகப் படித்த பட்டமும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

பிள்ளையை அனுப்பும் முன் குடும்பத்தோடு உட்கார்ந்து, எந்த நாடு, எந்த வேலை, அந்த வேலைக்கு மேலே சொன்ன நான்கில் எது தேவை என்று எழுதிப் பாருங்கள். தேவையான அந்த ஒன்றுக்கு மட்டும் பணத்தையும் நாட்களையும் செலவிடுங்கள்.